ஸ்ட்ரைப் ரேடார் விமர்சனம்: வாசலில் நல்ல காவல், கிடங்கில் காவல் இல்லை

கார்டு பணம் ‘அப்ரூவ்டு’ என்று வந்துவிட்டால் ஆர்டர் பத்திரம் என்று நினைக்கும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்கி அந்த ஒரு சொல்லில் சொல்வது இரண்டே விஷயம்: கார்டு உயிரோடு இருக்கிறது, இந்தத் தொகைக்கு அதில் இடம் இருக்கிறது. எண்ணை அடித்தது யார் என்பதற்கு அதில் பதில் இல்லை. கார்டின் சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு “இதை நான் வாங்கவில்லை” என்று வங்கியிடம் சொன்னால், பணம் கடைக்காரர் கணக்கிலிருந்து திரும்பிப் போகும். பொருள் போனது போனதுதான். சிப் கார்டைச் செருகி வாங்கும் தெருக்கடையில் இந்த நஷ்டம் பெரும்பாலும் வங்கியின் தலையில் விழும். இணையக் கடையில் கடைக்காரர் தலையில்.

180 டாலர் ஆர்டர் ஒன்றை வைத்துக் கணக்குப் போடலாம். பொருளின் அடக்கம் 100, கூரியர் 25, இணையக் கடைக்குக் கார்டு பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் அமெரிக்கக் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்டும் சேர்ந்து 5.52. நல்ல ஆர்டர் என்றால் கையில் நிற்பது 49.48. திருட்டு ஆர்டர் என்றால் 180ம் திரும்பிப் போகும், பொருளும் கூரியரும் போகும், கார்டு கட்டணம் திரும்பாது, அதற்கு மேல் டிஸ்ப்யூட், அதாவது கார்டுக்காரர் வங்கியில் போடும் மறுப்புப் புகாருக்கான கட்டணம் 15. கைவிட்டுப் போனது 145.52. ஒரு திருட்டை ஈடுகட்ட மூன்று நல்ல ஆர்டர்களின் லாபம் கிட்டத்தட்ட முழுதாக வேண்டும். வங்கியின் முடிவை எதிர்த்து வாதாடினால் 2025 ஜூன் முதல் இன்னொரு 15 டாலர் பிடிக்கிறார்கள். ஜெயித்தால் அந்த இரண்டாவது 15 மட்டும் திரும்பும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்ட்ரைப்பின் மோசடித் தடுப்பு வசதியான ரேடாரை எடைபோட வேண்டும்.

எதற்கு எவ்வளவு காசு

ரேடார் 2016இல் வந்தது. ஸ்ட்ரைப் வழியாகப் பணம் வாங்கும் கடைக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, கணக்கோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவில் வழக்கமான கட்டணத்தில் இருப்பவர்களுக்கு அடிப்படை ரேடார் இலவசம். பேரம் பேசித் தனிக் கட்டணம் வாங்கியவர்களுக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 5 சென்ட். அதற்கு மேல்படியாக ‘ரேடார் ஃபார் ஃப்ராட் டீம்ஸ்’ என்று ஒன்று உண்டு. வழக்கமான கட்டணக்காரர்களுக்கு அது பரிவர்த்தனைக்கு 2 சென்ட், தனிக் கட்டணக்காரர்களுக்கு 7 சென்ட். பெயரில் ‘டீம்ஸ்’ இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் அந்த டீம் என்பது மதியம் வரை பார்சல் ஒட்டிவிட்டுச் சாயங்காலம் கணினி முன் உட்காரும் ஒரே ஆள்.

இரண்டு படிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. அடிப்படைப் படியில் ஸ்ட்ரைப்பின் இயந்திரம் ஒவ்வொரு கார்டையும் மதிப்பிட்டு, மிக ஆபத்தானதைத் தானே தடுக்கும். ஆனால் மதிப்பெண் உங்களுக்குத் தெரியாது. ஆபத்து ‘சாதாரணம்’, ‘சற்று அதிகம்’, ‘மிக அதிகம்’ என்ற வகை மட்டும் தெரியும். காசு கொடுக்கும் படியில் 0 முதல் 99 வரை எண்ணாகவே காட்டும். 65 தொட்டால் சற்று அதிகம், 75 தொட்டால் மிக அதிகம். சொந்த விதிகள் எழுதுவதும், சந்தேக ஆர்டர்களைத் தனி வரிசையில் வைத்துப் பார்ப்பதும் இந்தப் படியில்தான்.

இயந்திரத்தின் பலம் ஸ்ட்ரைப்பின் அகலம். ஒரு கார்டு உங்கள் கடைக்குப் புதிதாக இருந்தாலும், ஸ்ட்ரைப் வலையில் வேறெங்காவது அது முன்பே பார்க்கப்பட்டிருக்க 92 சதவீத வாய்ப்பு என்று நிறுவனம் சொல்கிறது. விற்பனைப் பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அடிப்படை சரிதான். ஒரு மணி நேரத்துக்கு முன் இருபது கடைகளில் அடிபட்ட கார்டு உங்களிடம் முதல் முறை வரும்போது, அதைப் பார்த்ததும் சந்தேகப்பட உங்களுக்கு வழியில்லை, அவர்களுக்கு இருக்கிறது.

இயந்திரத்துக்கு நீங்கள் போடும் தீனி

ரேடார் சரியாக வேலை செய்யவில்லை என்று குறைபடுகிறவர்களின் அமைப்பைப் பார்த்தால், பாதிப் பேர் அதற்குத் தகவலே கொடுத்திருக்க மாட்டார்கள். ஸ்ட்ரைப்பின் ஜாவாஸ்கிரிப்ட் துண்டைப் பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் வைப்பது வழக்கம். அதைக் கடையின் எல்லாப் பக்கங்களிலும் வைக்க வேண்டும். மனிதன் பொருளைப் பார்ப்பான், அளவு பார்ப்பான், திரும்பிப் போவான், மறுபடி வருவான். திருடனின் நிரல் நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்து எண்ணை ஒட்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் கண் வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அந்தத் துண்டை ஸ்ட்ரைப்பின் தளத்திலிருந்தே நேராக ஏற்ற வேண்டும். வேகத்துக்காக உங்கள் சர்வரில் நகல் எடுத்து வைப்பது தவறு.

அடுத்தது, வாடிக்கையாளரின் ஈமெயில், பெயர், பில்லிங் முகவரி, அனுப்பும் முகவரி எல்லாவற்றையும் ஆர்டரோடு அனுப்புவது. பல கடைகள் கார்டையும் தொகையையும் மட்டும் அனுப்பிவிட்டு மற்றதைத் தங்கள் டேட்டாபேஸிலேயே வைத்துக்கொள்கின்றன. பணம் பிடிக்கும் அழைப்பு முழுக்க உங்கள் சர்வரிலிருந்து போகும்படி அமைத்திருந்தால், வாங்குகிறவரின் ஐபி முகவரிக்குப் பதில் உங்கள் சர்வரின் ஐபி பதிவாகலாம். அப்படி இருந்தால் எல்லா ஆர்டரும் ஒரே வீட்டிலிருந்து வந்ததுபோல் தெரியும், ஐபியை வைத்து எழுதும் எந்த விதியும் உதவாது. டாஷ்போர்டில் வெவ்வேறு ஊர்க்காரர்களின் ஐந்து ஆர்டர்களைத் திறந்து ஐபியைப் பாருங்கள். ஐந்திலும் ஒரே எண் இருந்தால் முதல் வேலை அதைத் திருத்துவது.

வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் ஸ்ட்ரைப் செருகுநிரல் போட்டிருப்பவர்களுக்கு ரேடார் அப்படியே கிடைக்கும், கணக்கு அவர்களுடையது. ஷாப்பிஃபை என்ற கடைத் தளத்தின் பணம் வாங்கும் வசதியான ஷாப்பிஃபை பேமென்ட்ஸ் உள்ளே ஸ்ட்ரைப்பில்தான் ஓடுகிறது. ஆனாலும் ரேடார் டாஷ்போர்டு கடைக்காரர் கைக்கு வராது. ஷாப்பிஃபை தன் சொந்த மோசடிக் கணிப்பைத்தான் காட்டும். ஷாப்பிஃபை கடைக்காரர்கள் விதிகளைப் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம், பார்சல் பற்றிய பகுதி அவர்களுக்கும் உண்டு.

சிவிவி, அஞ்சல் குறியீடு

ஆயத்தமாக இரண்டு விதிகள் உள்ளேயே இருக்கின்றன: சிவிவி தவறினால் தடு, அஞ்சல் குறியீடு தவறினால் தடு. சில வங்கிகள் சிவிவி தப்பாக இருந்தாலும் அப்ரூவ் செய்துவிடும் என்பதால்தான் இப்படியொரு விதி தேவைப்படுகிறது. முதலாவதை யோசிக்காமல் போடலாம்.

இரண்டாவதில் கவனம் வேண்டும். முகவரிச் சோதனை, அதாவது ஏவிஎஸ், முக்கியமாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளுக்குத்தான் வேலை செய்கிறது. அதுவும் கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும்தான் ஒப்பிடும். தெருப்பெயரும் வாங்குபவர் பெயரும் அந்தச் சோதனையில் வராது. இந்தியக் கார்டுக்குப் பதில் ‘சோதிக்க முடியவில்லை’ என்று வரும். ஆயத்த விதி ‘தவறியது’ என்று வந்தால் மட்டும் தடுக்கிறது, ‘முடியவில்லை’ என்றால் விட்டுவிடுகிறது. கடைக்காரர் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து ‘சரி என்று வராத எல்லாவற்றையும் தடு’ என்று சொந்தமாக எழுதினால், அன்றோடு இந்தியா போன்ற நாடுகளின் கார்டுகள் கடைக்கு வெளியே நிற்கும். சிவிவியிலும் இதே பொறி இருக்கிறது. ஆப்பிள் பே வழியாக வரும்போதும், சேமித்து வைத்த கார்டில் மறுபடி வாங்கும்போதும் சிவிவி கேட்கப்படுவதில்லை. ‘சரி என்று வராவிட்டால் தடு’ என்ற விதி உங்கள் பழைய வாடிக்கையாளரைத்தான் முதலில் வெளியேற்றும்.

தடுப்பதா, ஓடிபி கேட்பதா

ரேடாரில் எழுதும் விதிகள் நான்கு வகை: த்ரீ-டி செக்யூர் (வாங்குகிறவரிடம் வங்கி நேராக ஒப்புதல் கேட்கும் சோதனை) கேள், அனுமதி, தடு, பார்வைக்கு வை. இதே வரிசையில்தான் அவை ஓடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ‘தடு’வைத்தான் கையில் எடுக்கிறார்கள். முதல் விதியாக எல்லோரும் எழுதுவது, கார்டின் நாடும் ஐபியின் நாடும் வேறாக இருந்தால் தடு.

தமிழர்களுக்கு விற்கும் கடைக்கு இது நாசம். டொராண்டோக்காரர் ஜூலையில் பிள்ளைகளோடு சென்னை வந்திருப்பார். கையில் கனடா கார்டு, ஐபி இந்தியா, பொருள் போக வேண்டியது மதுரையில் உள்ள அம்மா வீட்டுக்கு. கார்டு ஒரு நாடு, மற்ற இரண்டும் வேறு நாடு, ஆனால் ஆள் சுத்தமானவர். பெயரை ஒப்பிடும் பழக்கமும் இப்படித்தான் ஏமாற்றும். கார்டில் ‘எஸ் கந்தசாமி’, கடைக் கணக்கில் ‘கந்தசாமி செல்வராஜா’, பார்சல் வாங்குவது மனைவி பெயரில். மலேசியக் கார்டில் அப்பா பெயருக்கு முன்னால் ‘ஏ/எல்’ இருக்கும், கடைப் படிவத்தில் இருக்காது. முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து எழுதப்பட்ட எந்த விதியும் முதலெழுத்துக்காரர்களைத் திருடர்களாகத்தான் பார்க்கும்.

இந்த இடத்தில் ‘தடு’வுக்குப் பதில் ‘த்ரீ-டி செக்யூர் கேள்’ என்று எழுதுவதுதான் ரேடாரின் உண்மையான மதிப்பு. ஆபத்து ‘சற்று அதிகம்’ என்றாலோ, நாடுகள் ஒத்துப்போகாமல் தொகை 150ஐத் தாண்டினாலோ, வங்கி தன் வாடிக்கையாளரிடம் ஓடிபியோ செயலி ஒப்புதலோ கேட்கும். டொராண்டோக்காரர் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார். திருடனிடம் கார்டு எண் இருக்கும், போன் இருக்காது. அதைவிடப் பெரிய லாபம், சோதனை முடிந்த ஆர்டரில் பின்னால் ‘இது நானில்லை’ என்ற மோசடிப் புகார் வந்தால் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் சாயும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கேட்கச் சொன்னால் கேட்கும், ஆனால் கார்டோ வங்கியோ அதற்கு ஒத்துழைக்காவிட்டால் பணம் சோதனை இல்லாமலே போய்விடலாம். அதனால் கூடவே இன்னொரு விதி வேண்டும்: ஆபத்து ‘சற்று அதிகம்’, சோதனை முடியவில்லை, ஆப்பிள் பே போன்ற வாலெட்டும் இல்லை, சந்தாவுக்குத் தானாகப் பிடிக்கும் பணமும் இல்லை என்றால் தடு. கடைசி இரண்டு நிபந்தனைகளை மறந்தால் மாதச் சந்தாக்கள் ஒரே இரவில் தோற்கும்.

அப்படியானால் எல்லா ஆர்டருக்கும் ஓடிபி கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சட்டமே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது, பிரிட்டனில் 2022 மார்ச் 14 முதல் கட்டாயம். அங்கே வாங்குகிறவர்களுக்கு அது பழகிய காரியம். அமெரிக்கர்களுக்குப் பழக்கமில்லை. நடுவில் வங்கியின் பக்கம் திறந்தால் ஏதோ தப்பு என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் அங்கே அதிகம். அமெரிக்க வாடிக்கையாளர்கள் பெரும்பான்மையாக உள்ள கடை, சந்தேகம் வந்த ஆர்டருக்கு மட்டும் கேட்பதே சரி.

‘அனுமதி’ விதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தடை விதிகளை மீறி ஆளை உள்ளே விடும். நல்ல வாடிக்கையாளரின் ஈமெயிலை அனுமதிப் பட்டியலில் போடுவது பலர் செய்யும் பிழை. ஈமெயிலை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் கார்டின் கைரேகையை, அதாவது ஒவ்வொரு கார்டு எண்ணுக்கும் ஸ்ட்ரைப் கொடுக்கும் மாறாத அடையாளத்தை, போடுங்கள்.

எண்ணிக்கை விதிகள், கார்டு டெஸ்டிங்

சிறு கடைகளுக்கு வரும் பெரிய அடி பெரும்பாலும் பொருள் திருட்டாக இருப்பதில்லை. திருட்டு எண்களின் மூட்டையை வைத்திருப்பவன், எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஒரு கடையைத் தேடுவான். இதுதான் கார்டு டெஸ்டிங். நன்கொடைப் பக்கம், தொகையை வாங்குபவரே நிரப்பும் பக்கம், பணம் பிடிக்காமல் கார்டை மட்டும் சேமிக்கும் பக்கம், இவைதான் அவனுக்குப் பிடித்தவை. ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஒரு டாலர், இரண்டு டாலர் முயற்சிகள், அர்த்தமில்லாத எழுத்துகளில் ஈமெயில்கள், பெரும்பாலும் தோல்வி. தேறிய சிலவற்றின் சொந்தக்காரர்கள் பின்னால் டிஸ்ப்யூட் போடுவார்கள். தோற்றவற்றாலும் கெடுதல் உண்டு. உங்கள் கடையிலிருந்து இவ்வளவு கெட்ட கார்டுகள் வருகின்றன என்று வங்கிகள் பார்த்துவிட்டால், நல்ல வாடிக்கையாளரின் கார்டையும் மறுக்க ஆரம்பிக்கும்.

ரேடார் இதில் கணிசமாகத் தானே பிடிக்கிறது. காசு கொடுக்கும் படியில் எண்ணிக்கை விதிகளும் சேர்க்கலாம்: ஒரே ஐபியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தோற்ற முயற்சிகள் இத்தனைக்கு மேல் போனால் தடு, ஒரே ஈமெயிலில் ஒரு நாளில் இத்தனை கார்டு வந்தால் தடு. எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று. இந்த எண்ணிக்கைகள் இப்போது நடக்கும் முயற்சியைச் சேர்க்காமல் எண்ணும். முதல் முயற்சியின்போது எண்ணிக்கை 0. மூன்று முறை விட்டு நான்காவதைத் தடுக்க வேண்டுமானால் ‘2க்கு மேல்’ என்று எழுத வேண்டும், ‘3க்கு மேல்’ என்று அல்ல. இன்னொன்று, கல்லூரி விடுதியும் அலுவலகமும் ஒரே ஐபியில் வெளியே வரும். தோற்ற முயற்சிகளை எண்ணும் விதி அவர்களைத் தொடாது. எல்லா முயற்சிகளையும் எண்ணும் விதி தள்ளுபடி நாளில் நல்லவர்களை அடித்துவிடும்.

ஆனால் விதிகள் கார்டு உள்ளே வந்த பிறகுதான் வேலை செய்யும். நிரல் வாசலுக்கு வராமல் இருக்கக் கேப்ட்சா, ஒரு அமர்வுக்கு இத்தனை முயற்சி என்ற வரம்பு, சேமிக்கும் பக்கத்துக்கு லாகின் கட்டாயம் ஆகியவற்றை உங்கள் தளத்தில் நீங்கள்தான் போட வேண்டும். நன்கொடைப் பக்கத்தில் குறைந்த தொகையை 5 டாலர் ஆக்கினாலே பாதித் தொல்லை வேறு கடை தேடிப் போய்விடும்.

விதி எழுதியதும் அது கடந்த ஆறு மாத ஆர்டர்களில் எதையெல்லாம் பிடித்திருக்கும் என்று ரேடார் ஓட்டிக் காட்டுகிறது. காசு கொடுக்கும் படியில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் எத்தனை டிஸ்ப்யூட், எத்தனை நல்ல ஆர்டர் என்று பாருங்கள். ஒரு திருட்டைப் பிடிக்க மூன்று நல்ல ஆர்டருக்கு மேல் பலி கேட்கிறது என்றால், மேலே போட்ட கணக்கின்படி அந்த விதி நஷ்டம்.

பார்வைக்கு வைத்தால் பணம் நிற்காது

ரேடாரின் பெயர் வைப்பில் மிக ஏமாற்றுவது ‘ரிவ்யூ’. பார்வைக்கு வைத்த ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் பணம் பிடித்தாகிவிட்டது, கடை மென்பொருளுக்கு ‘பணம் வந்தது’ என்ற செய்தியும் போய்விட்டது, கிடங்கில் லேபிள் அச்சாகிவிடும். வரிசையில் கொடி மட்டும் நிற்கும். சாயங்காலம் நீங்கள் பார்க்கும்போது பார்சல் கூரியர் வண்டியில் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரிவ்யூ திறந்தது, மூடியது என்று ஸ்ட்ரைப் தானாக அனுப்பும் வெப்ஹுக் செய்திகளைக் கடை மென்பொருளோடு இணைத்து, திறந்திருக்கும்வரை லேபிள் அச்சாகாதபடி செய்வது. இரண்டு, பணத்தை உடனே பிடிக்காமல் ஒதுக்கி மட்டும் வைத்து, பார்சல் கிளம்பும்போது பிடிப்பது. ஒதுக்கீடு பொதுவாக 7 நாள் நிற்கும், அதற்குள் பிடிக்காவிட்டால் கைவிட்டுப் போகும். இந்த வழியில், வேண்டாம் என்று முடிவு செய்தால் ரத்து செய்துவிடலாம், வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டில் ரிஃபண்ட் குழப்பமும் இருக்காது.

பார்க்கிறவர் எதைப் பார்க்க வேண்டும்? இயந்திரத்துக்குக் கார்டு தெரியும், உங்கள் சரக்கு தெரியாது. பட்டுப்புடவையைத் திருடி விற்பது கடினம், தங்க நாணயத்தை விற்பது எளிது. பரிசுக் கூப்பனைப் பத்து நிமிடத்தில் விற்றுவிடலாம். புதிய வாடிக்கையாளர், எளிதில் காசாகும் பொருள், ஒரே பொருளில் ஐந்து எண்ணிக்கை, அதிவேக டெலிவரி, அனுப்பும் முகவரி பார்சலை வாங்கி வேறு இடத்துக்கு அனுப்பும் நிறுவனத்துடையது என்றால் மதிப்பெண் 20 என்றாலும் நிறுத்துங்கள். டெலிவரி வேகத்தையும் பொருள் வகையையும் மெட்டாடேட்டாவாக, அதாவது கூடுதல் குறிப்பாக, ஆர்டரோடு அனுப்பினால் அதை வைத்தே விதி எழுத முடியும். இந்த வசதியை ஏனோ பலர் தொடுவதில்லை.

முக்கோண மோசடி இன்னும் வழுக்கும். திருடன் ஒரு பொதுச் சந்தைத் தளத்தில் உங்கள் பொருளை உங்கள் விலையைவிடக் குறைத்துப் பட்டியலிடுவான். அங்கே ஒரு நல்ல மனிதர் வாங்குவார். அந்தப் பணத்தைத் தான் வைத்துக்கொண்டு, திருட்டுக் கார்டில் உங்கள் கடையில் அதே பொருளை அந்த நல்ல மனிதர் முகவரிக்கு ஆர்டர் செய்வான். முகவரி சுத்தம், வாங்குகிறவர் உண்மை, போன் செய்தால் எடுத்துப் பேசுவார், பொருளுக்காகக் காத்திருக்கிறார். கார்டு மட்டும் வேறொருவருடையது. ஒரே ஐபி அல்லது ஒரே மாதிரி ஈமெயில், வெவ்வேறு கார்டு, வெவ்வேறு ஊர் முகவரி, ஆனால் எப்போதும் அதே ஒன்றிரண்டு பொருள் என்ற கோலம் தென்பட்டால் இதுதான். போன் செய்யும்போது “ஆர்டர் செய்தீர்களா” என்று கேட்காதீர்கள், “எந்தத் தளத்தில் வாங்கினீர்கள்” என்று கேளுங்கள்.

முன்னெச்சரிக்கை வந்தபின்

சில ஆர்டர்களுக்கு டிஸ்ப்யூட் வருமுன் ‘முன்கூட்டிய மோசடி எச்சரிக்கை’ வரும். கார்டின் வங்கி விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ மோசடி என்று அறிக்கை கொடுத்ததன் எதிரொலி அது. அப்போது முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தால் டிஸ்ப்யூட்டையும் 15 டாலரையும் தவிர்க்கலாம். பாதி ரிஃபண்ட் உதவாது. தொகை சிறிதென்றால் யோசிக்காமல் திருப்பிவிடுங்கள். த்ரீ-டி செக்யூர் முடிந்து பொறுப்பு வங்கிக்கு மாறியிருந்தால் திருப்ப வேண்டியதில்லை. ரிஃபண்ட் செய்யும்போது காரணத்தில் ‘மோசடி’ என்று குறிப்பது அவசியம். அதில்தான் அந்தக் கார்டும் ஈமெயிலும் தடைப் பட்டியலில் சேரும். ‘வாடிக்கையாளர் கேட்டார்’ என்று குறித்துவிட்டால் நாளை அதே ஆள் மறுபடி வருவான்.

ஆனால் ரிஃபண்ட் செய்தாலும் அந்த மோசடி அறிக்கை விசாவின் கணக்கில் நிற்கும். விசா 2025 ஏப்ரலில் கொண்டுவந்த கண்காணிப்புத் திட்டம் மோசடி அறிக்கைகளையும் டிஸ்ப்யூட்களையும் கூட்டி, மொத்தப் பரிவர்த்தனையால் வகுக்கிறது. கடைகளுக்கான வரம்பு முதலில் 2.2 சதவீதமாக இருந்தது. 2026 ஏப்ரல் முதல் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆசிய பசிபிக் பகுதிகளுக்கு 1.5. அப்படிக் கூட்டிய எண்ணிக்கை மாதம் 1,500க்குக் கீழே உள்ள கடையை அது பிடிக்காது. மாஸ்டர்கார்டின் திட்டம் சிறிய கடையையும் எட்டும்: மாதம் 100 சார்ஜ்பேக் (டிஸ்ப்யூட்டால் திரும்பிப் போகும் பணம்), கூடவே 1.5 சதவீதம்.

யார் காசு கொடுக்கலாம்

மாதம் 3,000 ஆர்டர் என்றால் இரண்டு சென்ட் கணக்கில் 60 டாலர். மேலே பார்த்த 180 டாலர் ஆர்டரில் பாதித் திருட்டின் நஷ்டத்துக்கும் குறைவு. மாதம் ஒரு திருட்டையாவது கூடுதலாகப் பிடித்தால் லாபம்தான். ஆனால் விதி எழுதி, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கும் ஆள் இல்லாவிட்டால் அந்த 60 டாலர் வீண். மாதம் நூறு இருநூறு ஆர்டர் உள்ள கடை, சிவிவி விதியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெரிய ஆர்டரையும் கண்ணால் பார்த்தால் போதும். பேபாலில் வரும் ஆர்டரை ரேடார் பார்க்கவே பார்க்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நஷ்டத்தைத் தாங்களே ஏற்கும் சிக்னிஃபைட், ரிஸ்கிஃபைட் போன்ற சேவைகள் வேறு ரகம். விலை உயர்ந்த பொருள் விற்கும் பெரிய கடைகளுக்கு அது பொருந்தும்.

இந்தியாவில் உள்ள கடைகளுக்கு ஸ்ட்ரைப் கணக்கு 2024 முதல் அழைப்பின் பேரில்தான். இலங்கையில் கடைக்காரருக்கு ஸ்ட்ரைப்பே இல்லை. இந்தியாவில் உள்நாட்டுக் கார்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே அங்கே திருட்டுக் கார்டுத் தொல்லை பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்டில் வருகிற ஏற்றுமதி ஆர்டரில்தான். பணம் வாங்க எந்த கேட்வே சேவையை வைத்திருந்தாலும் வெளிநாட்டுக் கார்டுக்கு த்ரீ-டி செக்யூர் இல்லாத பணத்தை மறுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ரேடாருக்குத் தெரியாத திருட்டு

உண்மையான சொந்தக்காரரே வாங்கிவிட்டு ‘நான் வாங்கவில்லை’ என்றால் எந்த மதிப்பெண்ணும் உதவாது, வாங்கும் நேரத்தில் அந்த ஆர்டர் மிகச் சுத்தமானது. ‘பொருள் வரவில்லை’ என்ற புகாருக்கு ஓடிபி சோதனையும் கவசமில்லை. அங்கே கையெழுத்தோடு கூடிய டெலிவரிச் சான்றுதான் பேசும். விசா கார்டில் ‘நானில்லை’ என்ற மோசடிப் புகாருக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு வழி இருக்கிறது. அதே கார்டில் 120 முதல் 365 நாட்களுக்கு முன் நடந்த, புகார் வராத இரண்டு வாங்கல்களைக் காட்ட வேண்டும். வாங்குபவரின் ஐபி, சாதன அடையாளம், கணக்கு லாகின், அனுப்பும் முகவரி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு, அந்தப் பழைய இரண்டு வாங்கல்களிலும் புகார் வந்த வாங்கலிலும் ஒத்துப்போக வேண்டும், அந்த இரண்டில் ஒன்று ஐபியாகவோ சாதனமாகவோ இருக்க வேண்டும். ஆகவே ஆர்டர் பதிவுகளைச் சில மாதங்களிலேயே அழித்துவிடும் கடைக்கு இந்த வழி மூடியது.

மோசடி என்று வரும் புகார்களில் ஒரு பங்கு மோசடியே இல்லை. கடையின் பலகையில் ஒரு பெயர், ஸ்டேட்மென்ட்டில் பதிவு செய்த கம்பெனியின் வேறு பெயர். வாங்கியவருக்கே அடையாளம் தெரியாமல் வங்கிக்குப் போன் செய்கிறார். ஸ்ட்ரைப் அமைப்புகளில் ஸ்டேட்மென்ட்டில் தெரிய வேண்டிய பெயரை 5 முதல் 22 எழுத்துக்குள் நீங்களே வைக்கலாம். வாடிக்கையாளர் வாயில் புழங்கும் கடைப் பெயரையே வையுங்கள். வைத்த பிறகு உங்கள் சொந்தக் கார்டில் ஒரு டாலர் ஆர்டர் போட்டு, இரண்டு நாள் கழித்து வங்கிச் செயலியில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். சில வங்கிகள் கடைசி எழுத்துகளை வெட்டிவிடும். முக்கியமான சொல் முதலில் வரட்டும்.